குத்துச்சண்டையில் கை ஓங்குவது எப்படி? ரிங்கில் இறங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாலைந்து மாதம் தொங்கும் மூட்டையை (பேக்) அடித்துப் பழகி, முதன்முதலாக ஸ்பாரிங்கில், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகுவதில், இறங்கியதும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் வலக்கைக்காரரை, அதாவது இடது காலை முன்னே வைத்து நிற்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். விதிகள் என்று வரும் இடத்தில் அமெச்சூர் போட்டி விதிகளையே சொல்கிறோம்.

"கை வேகமாத்தான் போகுது. ஆனா ஒரு அடிகூட ஒழுங்கா போய்ச் சேர மாட்டேங்குது. ஏன்?"

கோளாறு பெரும்பாலும் கையில் இருக்காது, தூரத்தில் இருக்கும். எட்டாத இடத்தில் நின்று குத்தினால் தலையும் தோளும் தானாக முன்னே சாயும். குத்து உரசிக்கொண்டு போகும், சாய்ந்த தலை எதிராளிக்கு வாகாகக் கிடைக்கும்.

தூரம் மூன்று வகை. ஒரு எட்டு முன்னே வைக்காமல் இருவராலும் ஒருவரையொருவர் தொட முடியாதது முதல் தூரம். நின்ற இடத்திலிருந்தே நேர்க்குத்து படுவது இரண்டாவது. முழங்கை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து போடும் ஹுக்கும் கீழிருந்து மேலே போடும் அப்பர்கட்டும் மட்டுமே வேலை செய்யும் நெருக்கம் மூன்றாவது. இரண்டாவது தூரத்தில் சும்மா நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அங்கே போவது அடிப்பதற்கு மட்டும்தான். அடித்த கையோடு வெளியே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் இன்னும் நெருங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் தூரத்தை அளக்க, முதுகை நிமிர்த்தி நின்று இடது கையை முழுக்க நீட்டிப் பயிற்சித் துணைவரின் நெற்றியில் முஷ்டியை வையுங்கள். அங்கிருந்து ஒரு சாண் பின்னே வந்தால் அதுதான் நீங்கள் காத்திருக்க வேண்டிய இடம். துணைவர் முன்னும் பின்னும் நடக்க, குத்தே போடாமல் அந்த இடைவெளியை மட்டும் காப்பாற்றும் பயிற்சியை 2 நிமிடம் வீதம் 3 ரவுண்ட் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் இதைவிடச் சீக்கிரம் பலன் தரும் பயிற்சி வேறு இல்லை.

"நிக்கிற நிலை சரியா இருக்கான்னு நானே எப்படிப் பாத்துக்கிறது?"

தரையில் நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். இடது கால் பெருவிரலும் வலது குதிகாலும் அந்தக் கோட்டைத் தொட்டபடி, காலுக்குக் கால் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு நில்லுங்கள். வலது குதிகால் லேசாகத் தூக்கியிருக்கட்டும். இரண்டு பாதமும் கோட்டின் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டால் பக்கவாட்டில் தள்ளினாலே தடுமாறுவீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு ஜாப் (முன்னே இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து) போதும், பின்னே சாய்ந்துவிடுவீர்கள். துணைவரை விட்டு முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தோளில் ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள். இரண்டிலும் கால் பெயரக் கூடாது.

நகரும்போது, எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் போக வேண்டும், மற்றது அதே அளவு இழுத்துக்கொண்டு வர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் அந்த ஒரு கணத்தில் உங்களால் அடிக்கவும் முடியாது, அடியைத் தாங்கவும் முடியாது. தேர்ந்த எதிராளி அதற்காகவே காத்திருப்பார்.

"ஜாப்ல பலமே இல்லையே. அதை ஏன் ஆயிரம் தடவை போடச் சொல்றாங்க?"

ஆளை விழ வைப்பது ஜாபின் வேலை இல்லை. தூரத்தை அளப்பது, எதிராளியின் பார்வையை மறைப்பது, அவர் அடிக்கக் கிளம்பும்போது குறுக்கே புகுந்து கெடுப்பது, பின்னே வரும் வலது கைக்கு வழி திறப்பது என்று நாலு வேலைகள் அதற்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஜாப் வேறு மாதிரி. அளக்கப் போடுவது மெதுவாகவும் இலேசாகவும் போகலாம். மறைக்கப் போடுவதைக் கண்ணெதிரே அரை நொடி நிறுத்தலாம். கெடுக்கப் போடுவதில் மட்டும் முன்காலோடு உடம்பின் எடையும் போக வேண்டும்.

போவதைவிடத் திரும்பி வருவது முக்கியம். கை எந்த வழியில் போனதோ அதே உயரத்தில் கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பும்போது கை தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1936 ஜூன் 19ஆம் தேதி நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த சண்டையே சாட்சி. அதுவரை தொழில்முறைச் சண்டையில் தோல்வியே காணாத ஜோ லூயிஸ், ஜாப் போட்டபின் இடது கையைத் தாழ்த்திக் கொண்டுவருவதை ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். தாழ்ந்த கைக்கு மேலாகத் தன் வலது கையை இறக்கிக்கொண்டே இருந்தார். 4ஆவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார், 12ஆவது ரவுண்டில் நாக்அவுட் ஆனார்.

"எதிராளி அடிச்ச பிறகு அடிக்கணுமா, அடிக்கும்போதே அடிக்கணுமா, அதுக்கும் முன்னாடியே அடிக்கணுமா?"

மூன்றும் வேண்டும், கற்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பழக வேண்டியது அடித்த பிறகு அடிப்பது. அவருடைய ஜாபை வலது உள்ளங்கையால் தட்டிவிட்டு, அவர் கை கன்னத்துக்குத் திரும்புவதற்குள் உங்கள் ஜாப் போய்விட வேண்டும். தட்டுவது ஒரு வேலை, அடிப்பது இன்னொரு வேலை என்று பிரித்துச் செய்தால் வாய்ப்பு போய்விடும். தட்டு, குத்து இரண்டும் ஒரே மூச்சில் வரட்டும்.

அடிக்கும்போதே அடிப்பது அடுத்தது. அவர் முன்னே வரும் வேகமும் உங்கள் குத்தின் வேகமும் கூடிக்கொள்வதால் சாதாரணக் குத்தும் பெரிய அடியாக இறங்கும். 2012 டிசம்பர் 8 அன்று லாஸ் வேகஸில் மானி பக்கியாவ் 6ஆவது ரவுண்டின் கடைசி நொடியில் முன்னே பாய்ந்து வந்தார். ஹுவான் மானுவல் மார்க்கெஸ் நின்ற இடத்திலிருந்தே போட்ட வலது கையில் பக்கியாவ் முகம் குப்புற விழுந்தார். அந்தக் குத்துக்குப் பாதிப் பலத்தைக் கொடுத்தது பக்கியாவின் பாய்ச்சல்தான்.

மூன்றாவது, அவர் அடிக்க நினைத்து எடையை மாற்றும் அந்தக் கணத்தில் அடிப்பது. அந்த நேரம் அவர் மனம் முழுக்கத் தாக்குதலில் இருக்கும், தற்காப்பு நினைவுக்கே வராது. ஆனால் அவர் கிளம்பப் போவது முன்பே தெரிந்தால்தான் இது நடக்கும். கண்ணால் பார்த்து உடம்பு அசையவே ஏறக்குறைய கால் நொடி ஆகிறது, நல்ல ஜாப் அதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

"அப்போ அவன் அடிக்கப் போறான்னு எப்படித்தான் முன்னாடியே தெரியும்? கண்ணைப் பாக்கணுமா?"

கண்ணைப் பார்த்தால் ஏமாறுவீர்கள், கையுறையைப் பார்த்தாலும் அப்படித்தான். பார்வையைக் கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, மார்பின் மேல்பகுதியில் நிறுத்துங்கள். எதையும் உற்றுப் பார்க்காமல் அகலமாகப் பார்க்கும்போது இரண்டு தோளும், முன்காலின் அசைவும், கை ஓரங்களும் சேர்ந்து தெரியும்.

வலது கை வருமுன் பலருக்கு வலது முழங்கை விலாவை விட்டு வெளியே விரியும். ஹுக் போடுபவருக்கு இடது தோள் ஒரு விரற்கடை பின்னே போகும். பாய்ந்து வருபவர் அதற்குமுன் முன்காலைத் தரையில் அழுத்துவார், அல்லது மூச்சை இழுத்துப் பிடிப்பார். சிலர் கையுறையால் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். முதல் ரவுண்டில் இவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும், எல்லாவற்றையும் தேடினால் ஒன்றும் அகப்படாது. உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். ஸ்பாரிங்கைக் கைபேசியில் எடுத்து, ஒலியை நிறுத்தி மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

"பொய்க்குத்து காட்டினா யாருமே ஏமாற மாட்டேங்குறாங்க. நான் செய்றதுல என்ன தப்பு?"

இரண்டு தப்பு இருக்கலாம். ஒன்று, கையை மட்டும் ஆட்டுகிறீர்கள். உண்மையான குத்தில் தோளும் இடுப்பும் முன்காலும் சேர்ந்து தொடங்கும், அந்தத் தொடக்கம் அப்படியே இருக்க வேண்டும். முதல் கால்பங்கு அசைவு அசலாகவும் மீதி இல்லாமலும் இருப்பதுதான் நல்ல பொய்க்குத்து.

இரண்டாவது, அவர் உங்கள் நிஜக் குத்தை இன்னும் வாங்கவில்லை. வயிற்றில் இரண்டு ஜாப் பலமாகப் பட்ட பிறகுதான், மூன்றாம் முறை நீங்கள் முழங்காலை மடக்கியதுமே அவர் கை கீழே இறங்கும். வாங்காத அடிக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். ஒன்று கவனியுங்கள்: காட்டிய கையோடு அவசரப்பட்டு அடுத்த குத்தைப் போடாதீர்கள். அவர் பார்த்து அசைவதற்கு மேலே சொன்ன கால் நொடியைக் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று முறை காட்டுவது, அவர் கையைத் தூக்குகிறாரா, பின்னே போகிறாரா, எதிர்க்குத்து போடுகிறாரா என்று பார்ப்பதற்கு மட்டும். பதில் தெரிந்தபின் அந்தப் பதிலுக்குத்தான் குத்து.

"என்னைவிட உயரமானவன்கிட்ட எப்படி உள்ளே போறது?"

அவருக்கு எட்டி உங்களுக்கு எட்டாத ஒரு பட்டை இடம் இருக்கிறது. அதில் நின்றால் அடிதான். அதற்கு வெளியே நில்லுங்கள், இல்லையேல் அதைக் கடந்து உள்ளே நில்லுங்கள். கடக்கச் சரியான நேரம், அவர் ஜாப் போட்டு அந்தக் கை திரும்பும்போது. தலையை ஜாபுக்கு வெளிப்புறமாக, அதாவது உங்கள் வலப்பக்கம் சாய்த்து, திரும்பும் கையோடு கூடவே ஒட்டியபடி உள்ளே போங்கள். போகும்போதே வயிற்றுக்கு ஒரு குத்து போகட்டும். நெடியவர்களின் தலை பின்னே போய்விடும், இடுப்பு அங்கேயேதான் இருக்கும்.

உள்ளே போய்விட்டு நின்றுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நெற்றியை அவர் தோள் மட்டத்துக்குக் கீழே வைத்து மூன்று நாலு குத்து போடுங்கள், பிறகு நேர்ப் பின்னே வராமல் பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள். நேர்ப் பின்னே வந்தால் அதே பட்டையை இன்னொரு முறை கடக்க வேண்டும், இம்முறை அடித்துக்கொண்டு அல்ல, வாங்கிக்கொண்டு. உயரமானவர் நீங்கள்தான் என்றால் இதையே திருப்பிப் போடுங்கள்: ஒரே ஜாப் போட்டு நிற்காதீர்கள், இரண்டிரண்டாகப் போட்டு ஒரு எட்டு இடப்பக்கம் மாறிவிடுங்கள்.

"சவுத்பா வந்தா எல்லாமே தலைகீழாகுது. என்ன செய்யணும்?"

சவுத்பா என்றால் வலது காலை முன்னே வைத்து நிற்கும் இடக்கைக்காரர். உங்கள் முன்காலும் அவர் முன்காலும் நேருக்கு நேர் வந்து நிற்கும், மிதித்துக்கொள்வதும் நடக்கும். உங்கள் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளிப்புறம் வைத்துப் பாருங்கள். உங்கள் வலது கை அவர் முகத்துக்கு நேராக வந்துவிடும், அவருடைய பலமான இடது கை உங்கள் தோளைத் தாண்டிப் போகும். அவரும் அதே இடத்துக்குத்தான் வருவார். ஆகையால் சண்டையில் பாதி, யார் பாதம் வெளியே என்பதில் நடக்கும்.

பொதுவாக உங்கள் இடப்பக்கமாகச் சுற்றுங்கள், அது அவர் இடது கையிலிருந்து விலகிப் போகும் திசை. ஆனால் எப்போதும் அந்தப் பக்கமே போனால் அவருடைய வலது ஹுக் காத்திருக்கும். நாலைந்து முறைக்கு ஒரு முறை திசையை மாற்றுங்கள். ஜாப் அவர் முன்னே வைத்திருக்கும் வலது கையில் மோதி நிற்கும், அதனால் நேரடியாக வலது கையிலேயே தொடங்கிப் பழகுங்கள். இதற்கு உண்மையான மருந்து ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு முறையாவது இடக்கைக்காரரோடு ஸ்பாரிங். சவுத்பாக்கள் தினமும் வலக்கைக்காரரோடு பழகுகிறார்கள், நாம் எப்போதாவதுதான் அவர்களைப் பார்க்கிறோம். அவர்களுக்குப் பாதி அனுகூலம் அங்கிருந்தே வருகிறது.

"ஓடிக்கிட்டே இருக்கிறவனை எப்படிப் பிடிக்கிறது? துரத்தித் துரத்தி எனக்குத்தான் மூச்சு வாங்குது."

துரத்துவதை நிறுத்துங்கள். கயிறுகளுக்குள் 6.1 மீட்டருக்கு 6.1 மீட்டர்தான் இடம். நடுவில் நிற்பவருக்கு நடை குறைவு, கயிற்றோரம் சுற்றுபவருக்கு அதிகம். அவர் போகும் பக்கத்துக்கு நேராக முன்னே போகாமல், பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்து வழியை மறியுங்கள். அவர் திரும்பி மறுபக்கம் போனால் நீங்களும் பக்கவாட்டில் மாறுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை எட்டு முன்னே. இப்படி மூன்று நான்கு மாற்றத்தில் அவர் மூலைக்கு வந்துவிடுவார்.

அவர் உங்கள் வலப்பக்கம் தப்பினால் வலது கையை அகலமாக வீசி வழியை மறியுங்கள், இடப்பக்கம் தப்பினால் இடது ஹுக். மூலையில் சிக்கியவரின் தலையைத் தேடாதீர்கள், தலை ஆடிக்கொண்டிருக்கும். உடம்பில் அடியுங்கள். அவர் வலப்பக்க விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. உங்கள் இடது ஹுக் அங்கே சரியாகப் பட்டால் ஒன்றிரண்டு நொடி கழித்துத்தான் வலி தெரியும், தெரிந்தபின் கால் நகராது.

"நானே கயித்துல மாட்டிக்கிட்டா? முகமது அலி மாதிரி சாஞ்சு நின்னு அடி வாங்கி ஆளைக் களைக்க வைக்கலாமா?"

1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மனைக் களைக்க வைத்து 8ஆவது ரவுண்டில் வீழ்த்தியது உண்மை. அது 15 ரவுண்டுக்கு வைத்த சண்டை. உங்களுக்கு இருப்பது 3 நிமிட ரவுண்ட் மூன்று. எதிராளி களைத்துப்போவதற்குள் நடுவர்களின் கணக்கில் நீங்கள் தோற்றிருப்பீர்கள். அலியும் சும்மா வாங்கவில்லை. கைகளால் முகத்தை மூடி, ஃபோர்மனின் கழுத்தைப் பிடித்து அழுத்தி, இடையிடையே நேர்க்குத்து போட்டுக்கொண்டே இருந்தார்.

கயிற்றிலிருந்து வெளியேற, முதலில் ஒரு குத்து போட்டு அவர் கையை மூட வையுங்கள். உடனே இடது பாதத்தின் முன்பகுதியை அச்சாக வைத்து வலது காலை வட்டமாகச் சுழற்றித் திரும்புங்கள். இப்போது கயிற்றுப் பக்கம் அவர் இருப்பார். அதற்கும் நேரமில்லை என்றால் அவர் கைகளுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டிப் பிடித்தே காலம் கடத்தினால் ரெஃப்ரி முதலில் கண்டிப்பார், பிறகு எச்சரிக்கை தருவார். ஒரு எச்சரிக்கைக்கு ஒரு புள்ளி போகும். 'பிரேக்' என்றதும் ஒரு எட்டு பின்னே போன பிறகுதான் மறுபடி அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னே போகாதீர்கள்.

"ரெண்டு பேரும் சமமா ஆடுன மாதிரி இருந்தா நடுவர்கள் எதை வச்சு முடிவு பண்றாங்க?"

ஐந்து நடுவர்கள் தனித்தனியாக ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பொதுவாக 9 கொடுப்பார்கள். ஒருவர் தெளிவாக அடக்கி ஆடினால் 8 ஆகும். இடுப்புக்கு மேலே, முகத்திலும் உடம்பிலும் முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும், முஷ்டியால் சுத்தமாகப் படும் குத்துக்குத்தான் மதிப்பு. கையில் பட்டதும், உள்ளங்கையால் அறைந்ததும் கணக்கில் வராது. அடுத்தபடியாக, ஆட்டத்தை யார் தன் போக்குக்கு நடத்தினார் என்பதைப் பார்ப்பார்கள்.

இதிலிருந்து சில நடைமுறைகள் வருகின்றன. இருவரும் மோதிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் கடைசிக் குத்து உங்களுடையதாக இருக்கட்டும், அதுதான் கண்ணில் நிற்கும். அடி பட்டதும் தலையை ஆட்டி 'ஒன்றுமில்லை' என்று காட்டாதீர்கள். பட்டது அனைவருக்கும் தெரிந்துவிடும்.

"முதல் ரவுண்ட் போச்சுன்னா திட்டத்தை மாத்தணுமா?"

ஐந்து பேரும் 9-10 கொடுத்திருந்தாலும், அடுத்த இரண்டு ரவுண்டையும் மூன்று நடுவர்களின் கணக்கில் எடுத்தால் 29-28 என்று வெல்லலாம். ஆகையால் பதறி முட்டிமோத வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவதையும் விட்டால் மிச்சமிருப்பது நாக்அவுட்டை நம்புவதுதான்.

எதனால் தோற்றீர்கள் என்று ஒரே ஒரு காரணம் கண்டுபிடியுங்கள். தூரம் தப்பியதா, அவர் எப்போதும் முதலில் அடிக்கிறாரா, கயிற்றில் மாட்டுகிறீர்களா? இரண்டு ரவுண்டுக்கு இடையே கார்னரில் (உங்கள் மூலையில்) இருக்கும் ஒரு நிமிடத்தில் முதல் 20 நொடி மூச்சுக்கும் தண்ணீருக்கும். அதன்பின் பயிற்சியாளர் சொல்ல வேண்டியது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. "கையைத் தூக்கு, நகரு, ஜாப் போடு, பயப்படாதே" என்று நாலு விஷயம் சொன்னால் பையன் காதில் ஒன்றும் ஏறாது. "அவன் ஜாப் போட்டதும் வலது கை" என்று சொல்லி அனுப்புங்கள், செய்வான்.

"பயிற்சியில எல்லாம் வருது, போட்டியில மறந்துபோகுது. ஸ்பாரிங் இன்னும் பலமா பண்ணணுமா?"

பலத்தைக் கூட்ட வேண்டாம், நிபந்தனையைக் கூட்டுங்கள். ஒரு ரவுண்ட் இருவரும் ஜாப் மட்டும். ஒரு ரவுண்ட் ஒருவர் உடம்புக்கு மட்டும், மற்றவர் எங்கும் அடிக்கலாம். ஒரு ரவுண்ட் நீங்கள் மூலையிலிருந்து தொடங்கி 30 நொடிக்குள் வெளியேற வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு சூழலையும் இப்படித் தனியாகப் பிரித்து 16 அவுன்ஸ் கையுறையோடு பாதிப் பலத்தில் பழகினால், போட்டியில் அந்தச் சூழல் வந்ததும் உடம்பே பதில் சொல்லும்.

தலைக்கவசம் இருக்கிறதே என்று பலமாக அடித்துக்கொள்வது தவறு. அது வெட்டுக் காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையில் அடிபட்டபின் தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, பேச்சில் தடுமாற்றம் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்த்து அவர் அனுமதித்த பிறகுதான் மறுபடி ஸ்பாரிங். இதில் பயிற்சியாளரோ பெற்றோரோ விட்டுக்கொடுக்கவே கூடாது.

"இதெல்லாம் எதிராளிக்கும் தெரிஞ்சிருந்தா?"

தெரிந்தே இருக்கும். அப்போது அவருக்குத் தெரிந்ததையே தூண்டிலாக்க வேண்டும். உங்கள் ஜாப் தாழ்ந்து திரும்புகிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டாரா? இரண்டு முறை வேண்டுமென்றே தாழ்த்துங்கள், கன்னத்தை மட்டும் தோளுக்குள் பதித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை அவர் வலது கை கிளம்பும்போது உங்கள் இடது ஹுக் ஏற்கெனவே பாதி வழியில் இருக்க வேண்டும். ஸ்பாரிங்கில் பலமுறை வந்தால் மட்டும் போட்டியில் செய்யுங்கள்.

இன்னொரு வழி, அவருக்குத் தெரிந்ததைப் பயன்படுத்த நேரமே கொடுக்காமல் இருப்பது. ஜாப் பற்றிய பதிலில் சொன்ன அதே இருவரும், இரண்டு ஆண்டு கழித்து, 1938 ஜூன் 22 அன்று, அதே யாங்கி ஸ்டேடியத்தில் மறுபடி மோதினார்கள். ஷ்மெலிங்கின் வலது கைக்குக் கொஞ்சம் தூரமும் ஒரு கணக் காத்திருப்பும் தேவைப்பட்டன. லூயிஸ் இரண்டையும் தரவில்லை. மணி அடித்ததும் நெருங்கி, கயிற்றோடு சேர்த்து, உடம்பிலும் தலையிலுமாக அடித்துக்கொண்டே இருந்தார். சண்டை முதல் ரவுண்டிலேயே, 124 நொடியில் முடிந்துவிட்டது.